எறியத்தக்கதும் எறியத்தகாததும்

புயலில் அகப்பட்ட பாய்க்கப்பல் தாழத் தொடங்கும்போது பாரத்தைக் குறைத்தாக வேண்டும் என்பது கடலோடிகள் எல்லாரும் அறிந்த விதி. எதை எறிவது, எறிந்ததன் இழப்பை யார் ஏற்பது என்பதற்கும் மிகப் பழைய காலத்திலேயே சட்டம் வகுக்கப்பட்டுவிட்டது. மத்தியதரைக் கடல் வணிகரிடையே வழங்கிப் பின்னர் உரோமச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற ரோடியக் கடற்சட்டம், எல்லாருடைய நன்மைக்காகவும் ஒருவனுடைய சரக்கு கடலில் எறியப்பட்டால் அவ்விழப்பை எல்லாரும் பங்கிட்டு ஏற்க வேண்டும் என்று கூறுகிறது. இன்றைய கடற்காப்பீட்டிலும் அக்கோட்பாடு நடைமுறையில் இருக்கிறது. சரக்கைப் பற்றிய வழக்கு இவ்வாறு தீர்ந்தது. ஆனால் அதே கப்பலில் விற்பதற்கு எதுவுமின்றி, கற்பதற்காகவே கடல் கடக்கும் ஒருவன் இருந்தால், அவனிடம் எறிவதற்கு இருப்பவை மூன்றே: அன்றாடம் பயன்படுத்தும் பாத்திரம், தேடிப் படியெடுத்த நூல், அவனுடைய உடல். இம்மூன்றில் எதை எறியலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்னும் கேள்விக்கு எந்தச் சட்டத் தொகுப்பும் விடை தரவில்லை. சமயங்கள் விடை தர முயன்றன. அவ்விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இக்கேள்வியைக் கடற்கரையே இல்லாத சப்ரகமுவ மாகாணத்தில் நின்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரண்டு மாவட்டங்களும் தேயிலையும் இறப்பரும் செழித்த தோட்டப்புறங்களாகவே தமிழர்க்கு அறிமுகமானவை. ஆயினும் இரத்தினபுரி மாவட்டத்தின் எல்லையில் 2243 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலை, பல நூற்றாண்டுகளாகக் கடலில் வருவோர்க்கு இலங்கையின் முதல் அடையாளமாக இருந்தது. 1344ஆம் ஆண்டில் இம்மலையில் ஏறிய இப்னு பதூதா, கரை சேர்வதற்கு ஒன்பது நாள் முன்பே நடுக்கடலிலிருந்து அதைப் புகைத்தூண்போலக் கண்டதாக எழுதியுள்ளார். அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் வந்த சீனத் துறவி பாஹியான், புத்தரின் ஒரு திருவடி தலைநகருக்கு வடக்கிலும் மற்றொன்று மலையுச்சியிலும் பதிந்திருப்பதாகக் குறிப்பிட்டார். மணிமேகலைக் காப்பியமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, இரத்தின தீவத்தில் சமந்தம் என்னும் மலையின் உச்சியில் உள்ள அத்திருவடிகளையே பிறவிக்கடலைக் கடத்தும் அறக்கப்பல் என்று தீவதிலகை என்னும் காவல் தெய்வத்தின் வாயிலாகக் கூறுகிறது. கப்பல் மலைமேல் நிற்கிறது. கற்க வருபவனும் வணங்க வருபவனும் கடலைத் தாண்டி அதனிடம் செல்கிறார்கள். பௌத்தர் ஸ்ரீபாதம் என்றும், சைவர் சிவனொளிபாதம் என்றும், இசுலாமியர் பாவா ஆதம் மலை என்றும் வழங்கும் இவ்வுச்சிக்குப் பலாபத்தல வழியாக ஏறும் இரத்தினபுரிப் பாதையே பழையதும் கடினமானதும் ஆகும். மார்கழி அளவில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்தில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு இரவோடிரவாக ஏறும் தோட்டத்துக் குடும்பங்கள், ஏறும் இடம் ஒரு கப்பல் என்று காப்பியம் கூறுவதை அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பாய்க்கப்பலில் மாணவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதைப் புரிந்துகொள்ளப் பருவக்காற்றை முதலில் கருத வேண்டும். ஆண்டில் ஏறத்தாழப் பாதி வடகிழக்கிலிருந்தும் மறுபாதி தென்மேற்கிலிருந்தும் வீசும் இக்காற்றே கப்பலின் இயந்திரமாகவும் நாட்காட்டியாகவும் இருந்தது. காற்று மாறும்வரை துறையில் தங்குவது தவிர்க்கவியலாதது. 671ஆம் ஆண்டில் குவாங்சௌவிலிருந்து பாரசீக வணிகர் கப்பலில் புறப்பட்ட சீனத் துறவி இத்சிங் இருபது நாளுக்குள் சுமாத்திராவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்து, அங்கே ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பிறகு சோழர் கல்வெட்டு மலையூர் என்று குறிக்கும் நாட்டையும் கடாரத்தையும் கடந்து, நக்கவாரத் தீவுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு இரும்புக்காகப் படகில் வந்து மொய்த்த மக்களைக் கண்டு, 673ஆம் ஆண்டில் வங்கக் கரையின் தாமிரலிப்தியில் இறங்கினார். இந்தியா செல்ல விரும்பும் சீன மாணவர் ஓரிரு ஆண்டு ஸ்ரீவிஜயத்திலேயே பயின்ற பிறகு புறப்படுவது நல்லது என்று அவர் பின்னர் பரிந்துரைத்தார். பாடத்திட்டத்தைக் காற்று வகுத்துத் தந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

துறவொழுக்கத்தைக் கூறும் விநய பிடகமும் கப்பலை மறந்துவிடவில்லை. மழைக்காலம் மூன்று மாதமும் ஒரே இடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பது பிக்குகளுக்கு விதி. கப்பலில் செல்லும் பிக்கு அக்கப்பலிலேயே அதை நிறைவேற்றலாம் என்று மகாவக்கம் என்னும் பகுதி விலக்களிக்கிறது. இதைவிட நுட்பமானது சீமை பற்றிய விதி. சீமை என்பது சங்கத்தார் கூடித் துறவு அளித்தல் முதலிய செயல்களைச் செய்வதற்கென வரையறுக்கப்பட்ட எல்லை. கடலிலும் ஆற்றிலும் இயற்கை ஏரியிலும் அவ்வாறு கல் நட்டு எல்லை வகுக்க இயலாது என்பதால், நடுத்தர வலிமையுள்ள ஒருவன் சுற்றிலும் கைநீரை அள்ளி எறிந்தால் எவ்வளவு தொலைவு செல்லுமோ அவ்வளவே அங்கே எல்லை என்று நூல் கூறுகிறது. உரைகாரர்கள் மேலும் இரண்டு நிபந்தனைகள் இட்டனர்: படகைக் கரையிலுள்ள மரத்தோடு கயிற்றால் பிணைத்திருக்கக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும் படகிலும் அச்செயலைச் செய்யக் கூடாது, நங்கூரம் இட்டு நிறுத்தியே செய்ய வேண்டும். பாய் விரித்தோடும் கப்பலில் மாணவன் ஓதலாம், மனனம் செய்யலாம், நோன்பிருக்கலாம். ஆனால் அவனுக்கு உபசம்பதை, அதாவது முழுத்துறவு, அளிக்க இயலாது. வேகம் எல்லையை அழித்துவிடுகிறது.

இவ்விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பர்மாவின் பகூ நகரை ஆண்ட தம்மசேதி மன்னர், தம் நாட்டுச் சீமைகளின் தூய்மையில் ஐயம் கொண்டு, 22 தேரர்களையும் அவர்களுடைய மாணாக்கர்களையும் இரண்டு கப்பல்களில் இலங்கைக்கு அனுப்பினார். மூத்தவர்களாய் வந்த அவர்களும் மீண்டும் மாணவர்களாகி, 1476ஆம் ஆண்டில் களனி ஆற்றில் படகுகளின் மேல், நீரெறி எல்லைக்குள், புதிதாக உபசம்பதை பெற்றனர். அந்த ஆற்றின் தலைக்கிளைகளில் ஒன்றான மஸ்கெலி ஓயா சிவனொளிபாத மலைச் சாரலில் பிறக்கிறது. பிற கிளைகளைச் சேர்த்துக்கொண்டு, கித்துல்கலையையும் எட்டியாந்தோட்டையையும் தொட்டுக் கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களின் ஊடே இறங்கிய பின்னரே களனி கொழும்புக்கு அருகில் கடலைச் சேர்கிறது. திரும்பும் வழியில் இரு கப்பல்களில் ஒன்று உடைந்தது. கரையேறிய தேரர்கள் நடந்தே நாகப்பட்டினத்தை அடைந்து அங்கிருந்த பழைய புத்த வழிபாட்டிடத்தைத் தொழுதனர் என்றும், சிலர் நாடு திரும்பாமலே இறந்தனர் என்றும் தம்மசேதி பாளியிலும் மோன் மொழியிலும் பொறித்த கல்யாணிக் கல்வெட்டு கூறுகிறது. கடலில் போனவை எவையாயினும், களனியில் பெற்ற துறவு போகவில்லை. பகூவில் எழுந்த புதிய சீமைக்குக் கல்யாணி என்றே பெயரிடப்பட்டது. கல்யாணி என்பது களனியின் பாளிப் பெயர்.

எறிதல் பற்றிய கேள்வியை முழுக்கூர்மையோடு முன்வைப்பது பாஹியானின் பயணம். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமிரலிப்தியிலிருந்து குளிர்காலக் காற்றில் பதினான்கு நாள் ஓடி இலங்கை சேர்ந்த அவர், அப்போதே முதியவர். இரண்டு ஆண்டு அநுராதபுரத்தில் தங்கித் தம் நாட்டில் கிடைக்காத விநய நூலையும் ஆகமத் தொகுப்புகளையும் தேடிப் பெற்றார். அபயகிரி விகாரையில் வணிகர் ஒருவர் புத்தர் சிலைக்குச் சீனப் பட்டு விசிறி ஒன்றைப் படைத்ததைக் கண்டு, தாயகம் நினைந்து அழுதார். பின்னர் இருநூறு பேருக்கு மேல் ஏறிய பெரிய வணிகக் கப்பலில் புறப்பட்டார். ஆபத்துக்கு உதவுவதற்காக அதன் பின்னே சிறிய படகொன்று கயிற்றால் கட்டி இழுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்துப் புயல் வந்து கப்பலில் நீர் புகுந்தபோது வணிகர்கள் சிறு படகுக்குத் தாவ முற்பட்டனர். அதில் முன்பே ஏறியிருந்தவர்கள், கூட்டம் மிகுந்தால் தாமும் மூழ்குவோம் என்று அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டனர். பெருங்கப்பலில் எஞ்சியவர்கள் கனமான சரக்கைக் கடலில் எறியத் தொடங்கினர். பாஹியான் தம் நீர்க்குடத்தையும் கழுவு கலத்தையும் எடுத்துத் தாமே எறிந்தார். அடுத்ததாகத் தம் நூல்களையும் திருவுருவங்களையும் வணிகர்கள் எறிந்துவிடுவார்களோ என்பதே அவருடைய அச்சம்; அவலோகிதரை மனத்தில் நிறுத்தி வேண்டிக்கொண்டிருந்தார். பதின்மூன்று நாள் கழித்துக் கப்பல் ஒரு தீவின் பக்கம் ஒதுங்கியது. நீர் வற்றியபோது ஓட்டை கண்டுபிடித்து அடைக்கப்பட்டது.

குடத்தை எறிந்து ஏட்டைக் காத்த அச்செயலில் ஒரு கணக்கு இருக்கிறது. குடம் தம்முடையது, நூல் தம்முடையதன்று என்று அவர் கருதினார். சீனத்தில் அதற்காகக் காத்திருப்போர்க்கு உரியதைத் தாம் சுமந்து செல்வதாக மட்டுமே எண்ணினார். இவ்வெண்ணம் உயர்ந்தது. ஆயினும் அக்கப்பலில் தம் வாழ்நாள் முதலீட்டைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்த வணிகன் ஒருவனுக்கு, ஒரு துறவியின் ஏட்டுப்பெட்டி மட்டும் ஏன் எறியப்படாமல் இருக்கிறது என்று கேட்கும் உரிமை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சாவகம் சேர்ந்து ஐந்து மாதம் தங்கிய பின் அவர் ஏறிய அடுத்த கப்பலில்தான் கேள்வி அவர்மேலேயே திரும்பியது. ஐம்பது நாளுக்கு உணவேற்றிக்கொண்டு புறப்பட்ட அக்கப்பல் ஒரு மாதம் கடந்ததும் புயலில் சிக்கியது. கப்பலில் இருந்த பிராமணர்கள் கூடிப் பேசி, இந்தப் பௌத்தத் துறவியை ஏற்றியதால்தான் இத்துன்பம் வந்தது, ஒருவனுக்காக எல்லாரும் அழிய வேண்டியதில்லை, ஏதேனும் ஒரு தீவின் கரையில் அவனை இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தனர். பௌதாயன தரும சூத்திரத்தின்படி கடற்பயணமே பிராமணனைத் தன் நிலையிலிருந்து வீழ்த்தும் குற்றங்களில் ஒன்று. அவ்வளவில் அக்கப்பலில் வினை பற்றித் தீர்ப்புரைக்கும் தகுதியை முதலில் இழந்தவர்கள் அவர்களே என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாஹியானுக்கு ஆதரவாக இருந்த வணிகர் ஒருவர், அவரை இறக்கினால் தம்மையும் இறக்குங்கள், இல்லாவிடில் கொன்றுவிடுங்கள், சீன மன்னன் பௌத்தத்தை மதிப்பவன், அங்கே போய் இதைச் சொல்லாமல் விடமாட்டேன் என்று எச்சரித்ததால் மற்றவர்கள் தயங்கினர். சமையலுக்குக் கடல்நீரும் குடிப்பதற்கு ஆளுக்கு அளந்த நன்னீருமாக எழுபது நாளைத் தாண்டிய பிறகு, கப்பல் திசைமாறிச் சீனத்தின் ஷாண்டோங் கரையில் ஒதுங்கியது. பாஹியானைக் காப்பாற்றியது வாதத்தின் வலிமை அன்று. தொலைவிலுள்ள ஓர் அரசனைப் பற்றிய அச்சமே.

பிராமணர்களின் வாதத்தை அவர்களுக்கு மட்டும் உரியதாக்கி ஒதுக்குவது நேர்மையாகாது. பௌத்தர்களின் லோசக சாதகக் கதையில், மித்தவிந்தகன் என்னும் தீவினையாளன் ஏறிய கப்பல் நடுக்கடலில் நின்றுவிடுகிறது. சீட்டெடுத்துப் பார்க்கையில் ஏழு முறையும் அவன் பெயரே விழ, மூங்கில் தெப்பம் ஒன்றில் அவனை ஏற்றி விட்டுவிடுகிறார்கள். கப்பல் ஓடத் தொடங்குகிறது. குர்ஆனில் யூனுஸ் நபியும் விவிலியத்தில் யோனாவும் சீட்டு விழுந்தே கடலில் இடப்படுகிறார்கள். விவிலியக் கதையில் மட்டும் கவனிக்கத்தக்க ஒரு வேறுபாடு உண்டு: தன்னை எறியும்படி யோனாவே சொன்ன பிறகும், அந்த மாலுமிகள் அவ்வாறு செய்ய மனமின்றிக் கரைசேர்க்கத் துடுப்புப் போட்டுப் பார்க்கிறார்கள், இயலாமற் போன பிறகே, குற்றமற்ற இரத்தப்பழி தங்கள்மேல் விழாதிருக்க வேண்டிக்கொண்டு எறிகிறார்கள். யூத மரபைச் சேராத அம்மாலுமிகளின் தயக்கம், தீர்க்கதரிசியின் அவசரத்தைவிட மேலானதாகத் தோன்றுகிறது.

கோட்பாட்டளவில் இப்பழிசுமத்தல் நிற்காது. ஒவ்வோர் உயிரும் தன் வினைக்குத் தானே உரியது என்பது பௌத்தத்தின் அடிப்படை. சைவ சித்தாந்தமும், முகந்துகொண்டு வந்த வினையாகிய பிராரத்தத்தை அந்தந்த உயிர் தன் தன் உடலிலேயே நுகர்ந்து தீர்க்கும் என்றே கூறுகிறது. அவ்வாறாயின் இருநூறு பேர் புயலில் அகப்பட்டார்கள் என்றால், அங்கே அகப்படுவதற்குரிய வினை இருநூறு பேரிடமும் இருந்தது என்றே கொள்ள வேண்டும். ஒருவனை இறக்கிவிடுவதால் மற்றவர்களின் கணக்கில் எதுவும் குறையாது. வினைக்கோட்பாட்டை நம்புகிறவன் பிறனைக் கடலில் தள்ளுவதற்கு அக்கோட்பாட்டையே கருவியாக்கும்போது, அதை நம்பாதவனாகவே நடந்துகொள்கிறான்.

பொருளுக்கும் ஆளுக்கும் இடையில் நிற்கும் நூலைப் பற்றி வேறொரு செய்தி உண்டு. காஞ்சிப் பல்லவ மன்னர் இரண்டாம் நரசிம்மவர்மரோடு தொடர்புடையவராகச் சீன வரலாறுகள் கூறும் பௌத்தத் துறவி வஜ்ரபோதி, இலங்கைக்கு வந்து சிவனொளிபாத மலையில் ஏறித் திருவடியை வணங்கிய பின், முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் கொண்ட கூட்டத்தோடு சீனம் நோக்கிப் புறப்பட்டார். நடுக்கடலில் சூறைக்காற்று எழுந்து அவர் கப்பல் மூழ்கும் நிலை வந்தபோது, தலைவன் கையில் அகப்பட்டதையெல்லாம் எறியச் செய்தான். அப்பதற்றத்தில் நூறாயிரம் பாடல் கொண்ட பெருநூல் கடலுக்குப் போயிற்று, சுருக்கநூல் மட்டும் எஞ்சியது. அவர் சொன்னதாக இச்செய்தியைப் பதிந்த மாணவர் அமோகவஜ்ரர், ஒரு வரலாற்றின்படி, பதினான்கு வயதில் சாவகத்தில் அவரை அடைந்தவர். இழந்த நூலின் அளவு சொல்வோர் வாயில் வளர்வது இயல்பு என்பதால் நூறாயிரம் என்னும் எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, ஆசிரியர் மறைந்த 741ஆம் ஆண்டிலேயே அமோகவஜ்ரர் மீண்டும் கப்பலேறி இலங்கைக்கு வந்து, நூல்களைத் திரட்டிக்கொண்டு 746ஆம் ஆண்டில் சீனம் திரும்பினார் என்பது. கடலில் விழுந்த நூலை மற்றொரு மாணவன் மற்றொரு கடற்பயணத்தால் ஓரளவேனும் மீட்கலாம். கடலில் விழுந்த மாணவனை மீட்கும் வழி இல்லை.

நூலை எறிய முடியாதபடி வைத்திருக்கும் முறை ஒன்றும் இத்தீவில் இருந்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஆண்ட வட்டகாமணி அபயன் காலத்துக் கலகத்தோடும் பஞ்சத்தோடும் தொடர்புபடுத்தி, விபங்கம் என்னும் நூலின் உரை ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. திரிபிடகம் அப்போது ஏட்டில் எழுதப்படவில்லை. பிக்குகளின் நினைவிலேயே இருந்தது. அவர்கள் யாழ்ப்பாணக் கரையின் சம்புகோளத் துறையில் மூன்று தட்டுத் தெப்பம் ஒன்றைக் கட்டினர். ஒரு தட்டு நீருள் அமிழ்ந்திருக்க, ஒன்றில் பிக்குகளும் மற்றொன்றில் பாத்திரமும் துவராடையும். ஆனால் ஒரு பகுதியினர் கடல் கடக்காமல் திரும்பி, மலயம் என்று பாளி நூல்கள் வழங்கும் மலைநாட்டில் தங்கினர். அறுபது பேர் இலையும் கிழங்கும் தின்று, உட்கார வலுவிருந்த வரையில் உட்கார்ந்தும், அது போனபின் மணல்மேட்டில் தலைசாய்த்துப் படுத்தும், பாடம் நழுவாமல் ஓதிக் காத்தனர். பஞ்சம் நீங்கி இந்தியாவிலிருந்து மீண்டவர்களோடு ஒப்பிட்டபோது ஓர் எழுத்தும் மாறுபடவில்லை என்று உரை பெருமையோடு முடிக்கிறது. அத்தகைய நினைவும் உடலோடு அழியக்கூடியது என்ற அச்சம்தான் பின்னர் மாத்தளையின் அளுவிகாரையில் பிடகத்தை ஏட்டில் எழுதவைத்தது.

அதே மலைகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்களில் உழைக்க வேறொரு கூட்டம் வந்தது. தொண்டியிலும் அம்மாபட்டினத்திலும் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கியவர்களும், தூத்துக்குடியிலிருந்து நேரே கொழும்புக்கு வந்தவர்களும் கற்க வந்தவர்கள் அல்லர். அவர்களுடைய வழிச்செலவுகூடக் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறி, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை துண்டு என்னும் தாளில் அவர்களைத் தொடர்ந்தது. பெட்டியில் ஏடு கொண்டுவர அவர்களில் பெரும்பாலோர்க்கு வகையில்லை. ஆயினும் மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, தப்பு முழங்க, இரதி மன்மதன் கதையை இரவிரவாக ஆடும் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும் லயத்துக்கு லயம் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே பள்ளி வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் துரைமாரைக் கட்டாயப்படுத்துவதற்கு முன்பே, கூத்து வாத்தியாரிடம் வரிசையாகப் பாட்டுக் கேட்டு மனனம் செய்த இளைஞர்கள் இங்கே இருந்தார்கள். எந்தக் கப்பல்தலைவனும் எறியச் சொல்ல முடியாத சுமை அது.

நினைவில் உள்ளதைக் காக்க வேண்டுமாயின் உடலைக் காக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். இதை மறுக்கும் நிகழ்ச்சி ஒன்றை இத்சிங் தம் துறவியர் வரலாற்றில் பதிந்துள்ளார். சாங்மின் என்னும் சீன மாணவத் துறவி சாவகத்திலிருந்து மலையூர் வழியாக இந்தியா செல்லக் கருதி ஏறிய வணிகக் கப்பல் பாரம் மிகுந்து, புறப்பட்ட சிறிது தொலைவில் மூழ்கத் தொடங்கியது. எல்லாரும் சிறு படகுக்காக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருக்க, பௌத்தப் பற்றுள்ள கப்பல்தலைவன் சாங்மினை அழைத்தான். வேறு யாரையேனும் ஏற்றுங்கள், நான் வரவில்லை என்று அவர் மறுத்து, மேற்கு நோக்கிக் கைகுவித்து அமிதாபரின் பெயரை ஓதிக்கொண்டே கப்பலோடு தாழ்ந்தார். பிறர்க்காக உயிரை விடுவது போதிசத்துவ ஒழுக்கம் என்பது அவர் கொண்ட பொருள். அவருடன் இருந்த மாணாக்கன் ஒருவனும் அழுதுகொண்டே அவ்வாறே ஓதி மூழ்கினான். ஆசிரியரின் வயது ஐம்பதுக்கு மேல் என்று குறிக்கும் இத்சிங்கால், மாணாக்கன் எவ்வூரான் என்பதைக்கூடக் குறிக்க முடியவில்லை.

பாஹியானின் கப்பலில் கயிற்றை அறுத்தவர்களுக்கு நேர் எதிரே சாங்மின் நிற்கிறார். தன்னை எறியும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்பது அவருடைய விடை. அவ்வுரிமையைப் பிறர் தம் கையில் எடுத்துக்கொண்டதுதான் பிராமணர்களின் பிழை. இவ்விடையோடு கேள்வி முடிந்துவிட்டதாகவே தோன்றும், அந்த மாணாக்கனை மறந்துவிட்டால்.

மணிமேகலை அவனை மறக்கவில்லை என்று சொல்லலாம். காப்பியத்தில் அவனுக்குரிய இடத்தில் நிற்பவர்கள் வணிகர்கள். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், சாவகத்தில் மழையின்றி உயிர்கள் வாடுவதைக் கேட்டு, ஊட்டுவதற்காகக் கப்பலேறுகிறான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத் தீவில் ஒருநாள் தங்குகிறது, அவன் இறங்குகிறான், அவன் ஏறிவிட்டதாக எண்ணி இரவில் கப்பல் போய்விடுகிறது. இத்சிங்குக்கு நேர்ந்தது இதன் மறுதலை: 689ஆம் ஆண்டில், தாளும் மையும் கேட்டு எழுதிய கடிதத்தைச் சேர்ப்பிக்க ஸ்ரீவிஜயத் துறையில் நின்ற கப்பலில் அவர் ஏறியிருந்தபோது காற்று சாதகமாக, வணிகர் பாயை உயர்த்திவிட, நூல்களெல்லாம் கரையில் கிடக்க அவர் மட்டும் சீனம் போய்ச் சேர்ந்தார். அவர் அதே ஆண்டு திரும்பி வந்து நூல்களைச் சேர்ந்தார். ஆபுத்திரனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. உண்பாரில்லாத தீவில் உலகையே ஊட்டும் பாத்திரத்தோடு நிற்பதில் பொருளில்லை என்று கண்டு, அதைக் கோமுகிப் பொய்கையில் எறிந்துவிட்டு, உண்ணாதிருந்து உயிர்விடுகிறான்.

இது வரையில் துறவின் உயர்வைக் கூறும் கதையாகவே செல்கிறது. ஆனால் அவன் சாவக மன்னன் புண்ணியராசனாக மறுபிறவி எடுத்து, காப்பியத் தலைவி மணிமேகலையின் வழிகாட்டலால் கப்பலில் அதே தீவுக்கு வந்து தன் பழைய எலும்புகளைக் காணும்போது, தீவதிலகை அருகிலேயே வேறு எலும்புகளையும் காட்டுகிறாள். விட்டுப்போனதை உணர்ந்து அவனைத் தேடித் திரும்பி வந்த ஒன்பது வணிகர்களுடையவை அவை; அவன் இறந்ததை அறிந்து அவர்களும் உண்ணாதிருந்து இறந்தார்கள்; அவர்களைச் சார்ந்து வந்தவர்களும் இறந்தார்கள். உன் உயிரையும் கொன்றாய், உனக்கு இரங்கி வந்தவர்களின் உயிரையும் கொன்றாய், கொலைகாரன் அல்லையோ நீ என்ற கருத்துப்பட அவள் அரசனை நேர்நின்று கேட்கிறாள். தன்னைத் தானே எறிந்துகொள்வது தன்னோடு முடிந்துவிடும் செயல் அன்று என்பதைத் தமிழில் இத்தனை கடுமையாகச் சொன்ன இடம் வேறு இருப்பது அரிது. சாங்மினைத் தொடர்ந்து மூழ்கிய பெயரற்ற மாணாக்கனின் பொருட்டும் அக்கேள்வி எழுப்பப்பட வேண்டியதே. படகில் இடம்பெற்று உயிர்பிழைத்த ஒருவனைக் காட்டி அதற்குப் பாதி விடை சொல்லலாம், முழுவிடை சொல்ல இயலாது.

அரசன் கலங்கி நிற்கிறான். துறந்து அங்கேயே தங்கிவிட அவனுக்கு மணிமேகலை இடந்தரவில்லை. அரசனில்லாத நாடு என்னாகும் என்று கேட்டு, உயிர்களுக்கு உணவும் உடையும் தங்குமிடமும் தருவதுதான் அறம் என்று உரைத்து, வந்த கப்பலிலேயே அவனைச் சாவகத்துக்குத் திருப்பி அனுப்புகிறாள். தான் வஞ்சி நகருக்குச் சென்று, முதிய துறவியின் வேடத்தில், அளவைவாதி தொடங்கி ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுக் கற்கத் தொடங்குகிறாள்.